பணிவுக்குள் ஒளிந்த பகை

கோபத்தில் எழுதப்படும் கடிதங்கள் இருவகைப்படும். ஒன்று முதல் வரியிலேயே வெடித்துவிடும். மற்றொன்று "கண்ணியத்திற்குரிய" என்று தொடங்கி, நலம் விசாரித்து, நீண்ட ஆயுளுக்கு துஆச் செய்து, "தங்கள் அன்பை என்றும் மறவாத" என்று முடியும். முன்னதைக் கிழித்தெறிந்துவிட்டு மறந்துவிடலாம். பின்னதை அவ்வாறு மறக்க இயலாது. அதிலுள்ள ஒவ்வொரு மரியாதைச் சொல்லும் முள்ளாக நின்று நெஞ்சை உறுத்தும். பங்காளிப் பிணக்கும் சம்பந்தி மனத்தாங்கலும் கண்ட குடும்பத்தார் எவருக்கும் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வகைக் கோபத்தை ஒரு கலையாகவே வளர்த்த காலம் ஒன்று அரபு இலக்கிய வரலாற்றில் உண்டு. அரபு மொழியில் 'அதப்' என்ற ஒரே சொல் நல்லொழுக்கத்தையும் குறிக்கும், இலக்கியத்தையும் குறிக்கும். நன்றாகப் பேசத் தெரிந்தவன் நன்றாக நடக்கவும் தெரிந்தவன் என்னும் நம்பிக்கை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை? ஹிஜ்ரி 382-ஆம் ஆண்டில் (கி.பி. 992) நைஸாப்பூர் நகரில் இரு பேரறிஞர்களிடையே மூண்ட பூசல், இந்தக் கேள்வியைத்தான் நம்முன் வைக்கிறது. அப்பூசலில் வென்றவரின் எழுதுகோலிலிருந்தே அரபு மொழியின் புகழ்பெற்ற நகைச்சுவைக் கதைகளும் பிறந்தன. ஆகவே பூசலையும் கதைகளையும் ஒருசேரப் பார்ப்பது பயனுடையது.

முதியவரும் இளைஞரும்

நைஸாப்பூர் என்றதும் 'ஸஹீஹ் முஸ்லிம்' என்னும் ஹதீஸ் தொகுப்பை உலகுக்களித்த இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் நினைவு நமக்கு வரும். அவர்கள் ஹிஜ்ரி 261-இல் மறைந்தார்கள். அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் குராஸானின் தலையாய நகராக, கல்வியின் இருப்பிடமாக நைஸாப்பூர் விளங்கியது. அப்பொழுது பக்தாதில் கலீஃபா இருந்தாரெனினும் ஆட்சி அதிகாரம் ஆங்காங்கே அமீர்களின் கையில் இருந்தது. குராஸானை ஸாமானியரும், மேற்கே ரை, இஸ்ஃபஹான் முதலிய பகுதிகளை புவைஹியரும் ஆண்டனர். அரண்மனைகள் பலவாக இருந்தமையால் புலவர்களுக்கும் எழுத்தர்களுக்கும் வாய்ப்புகளும் பலவாக இருந்தன. அழகிய கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு அமைச்சர் பதவிகூட எட்டாக்கனி அன்று. அதே காரணத்தால் போட்டியும் கடுமையாக இருந்தது. புகழை இழந்தவர் பிழைப்பையும் இழக்க நேரிட்ட காலம் அது.

நைஸாப்பூரின் இலக்கிய உலகில் அந்நாளில் தனியரசு செலுத்தியவர் அபூபக்ர் அல் குவாரிஸ்மீ. கணித மேதையான குவாரிஸ்மீ வேறு, இவர் வேறு. ஹிஜ்ரி 323-இல் பிறந்த இவரை, வரலாற்றாசிரியர் தபரியின் சகோதரி மகன் என்று பழைய நூல்கள் சொல்லும். ஹலப் நகரில் ஸைஃபுத்தௌலாவின் அவை உட்படப் பல அவைகளைக் கண்டவர். இவர் எழுதிய கடிதங்களைத் தொகுத்து வைத்துக்கொண்டு இளைஞர்கள் பயின்றனர்.

இவருடைய நினைவாற்றலைப் பற்றி இப்னு கல்லிகான் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். புவைஹிய அமைச்சரும் சிறந்த இலக்கிய விற்பன்னருமான ஸாஹிப் இப்னு அப்பாதைக் காண இவர் ஒருமுறை சென்றாராம். அரபுக் கவிதையில் 20,000 அடிகளை மனப்பாடமாக அறியாத எந்தப் புலவரையும் உள்ளே விடுவதில்லை என்று அமைச்சர் சொல்லியனுப்பினார். "ஆண் கவிஞர்களின் அடிகளிலா, பெண் கவிஞர்களின் அடிகளிலா என்று கேட்டு வா" என்றாராம் இவர். அதைக் கேட்டதும், வந்திருப்பவர் குவாரிஸ்மீயாகத்தான் இருக்க வேண்டும் என்று அமைச்சர் அறிந்துகொண்டார்.

இத்தகைய பெரியவர் ஏறத்தாழ 59 வயதில் நகரமே போற்ற வாழ்ந்துகொண்டிருந்தபொழுது, 24 வயது இளைஞர் ஒருவர் நைஸாப்பூருக்குள் நுழைந்தார். ஹமதான் நகரில் ஹிஜ்ரி 358-இல் பிறந்தவர். அகராதிப் பேரறிஞர் இப்னு ஃபாரிஸின் மாணவர். ரை நகரில் அந்த ஸாஹிப் இப்னு அப்பாதின் அவையிலும், பிறகு ஜுர்ஜானிலும் இருந்துவிட்டு வருகிறார். வழியில் கொள்ளையர் அவரிடமிருந்த அனைத்தையும் பறித்துக்கொண்டனர். உடுத்த நல்ல ஆடை இல்லை. கையில் காசு இல்லை. பெயர் அஹ்மத் இப்னுல் ஹுஸைன். 'பதீஉஸ்ஸமான்', அதாவது 'காலத்தின் அற்புதம்' என்னும் பட்டப் பெயராலேயே வரலாறு அவரை அறியும்.

அற்புதம் என்று சொல்லக் காரணமும் இருந்தது. ஐம்பது அடிகளுக்கு மேற்பட்ட கவிதையை ஒரே முறை கேட்டுத் திருப்பிச் சொல்லுவார் என்றும், ஒரு கடிதத்தைக் கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கி எழுதிக்கொண்டே போய் முதல் வரியில் முடிப்பார் என்றும் அவர் காலத்தவரான தஆலிபீ தமது 'யதீமதுத் தஹ்ர்' என்னும் நூலில் எழுதுகிறார். தஆலிபீ நைஸாப்பூரைச் சேர்ந்தவர், இருவரையும் அறிந்தவர்.

முழுமை பெறாத எழுச்சி

வந்த இளைஞர் முதலில் செய்தது, பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதியதாகும். அவரைக் காணப்போகும் மகிழ்ச்சியில் தம் உள்ளம் படும் பாட்டை அடுக்கடுக்கான உவமைகளால் அதில் வருணித்தார். மழையில் நனைந்த சிட்டுக்குருவியின் சிலிர்ப்பு முதற்கொண்டு எல்லாம் அதில் உண்டு. பிறகு நேரில் சென்றார்.

அங்கே நடந்தது என்ன? அடியும் இல்லை, வசவும் இல்லை. பெரியவர் பார்வையைப் பாதி உயர்த்தினாராம். கையைப் பாதி அசைத்தாராம். எழுந்து நிற்பதுபோல் தொடங்கி, முழுதும் எழாமலே அமர்ந்துவிட்டாராம். கந்தல் உடுத்தி வந்த அந்நியனுக்கு இதுபோதும் என்று அவர் எண்ணியதாக இளைஞர் எடுத்துக்கொண்டார்.

ஒரு மனிதர் முழுதும் எழுந்தாரா, பாதி எழுந்தாரா என்பது இவ்வளவு பெரிய செய்தியா என்று கேட்கலாம். ஆனால் ஸலாம் சொன்னவருக்கு அதனினும் அழகியதையோ, குறைந்தது அதே அளவையோ திருப்பிச் சொல்லுமாறு திருக்குர்ஆன் பணிக்கிறது. வரவேற்பில் அளவு உண்டு. அந்த அளவு குறைந்தால் மனம் நோகும். இன்றைக்கும் திருமண வீட்டு வாசலில் "வாங்க" என்ற சொல் ஒருவருக்கு முழுதாகவும் மற்றொருவருக்கு அரைகுறையாகவும் வருவதை நாம் காணாமலில்லை. சொல் என்னவோ ஒன்றுதான். கேட்டவருக்குத்தான் வேறுபாடு தெரியும்.

இளைஞர் இரண்டாவது கடிதத்தை எழுதினார். முதல் கடிதத்தின் பணிவு இதிலும் குறையவில்லை. 'பேராசிரியர் அபூபக்ர், அல்லாஹ் அவருடைய வாழ்நாளை நீட்டிப்பானாக' என்றே தொடங்குகிறது. அந்த துஆவுக்கு அடுத்த மூச்சிலேயே, அப்பேராசிரியர் தம் விருந்தினரை ஆடையைக் கொண்டு அளந்துவிட்டார் என்னும் குற்றச்சாட்டு வருகிறது. பாதிப் பார்வை, பாதிக் கை, முழுமை பெறாத எழுச்சி என்று ஒவ்வொன்றும் எதுகையோடு, சந்தத்தோடு கணக்கெடுக்கப்படுகிறது. அவமதிப்பைப் பட்டியலிட்டாலும் மரியாதையிலிருந்து எழுதுகோல் சிறிதும் வழுவவில்லை.

பெரியவர் விட்டுவிடவில்லை. "என் தலைவரின்" கடுஞ்சொற்களையும் வேதனை தரும் கண்டனத்தையும் புரிந்துகொண்டேன் என்று பதில் எழுதினார். வரவேற்பில் குறைவைக்கவில்லை என்றும், தம்மால் இயன்ற அளவு ஸலாமுக்குப் பதிலும் எழுச்சியும் அளித்ததாகவும் சொன்னார். இளைஞர் 'பேராசிரியர்' என்று விளிக்க, முதியவர் 'தலைவர்' என்று விளிக்கிறார். யாரும் யாரையும் தாழ்த்தவில்லை. எனினும் இருவரும் புண்பட்டுவிட்டனர்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருவரில் எவரேனும் ஒருவர் வாய்விட்டுத் திட்டியிருந்தால் ஊரார் நடுவில் புகுந்து சமாதானம் செய்திருப்பர். திட்டியவர் மன்னிப்புக் கேட்டிருப்பார், பிணக்கு தீர்ந்திருக்கும். மரியாதையாகவே நடந்த சண்டையில் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது? தவறான சொல் ஒன்றுகூட இல்லையே! பணிவு என்னும் போர்வை கோபத்தைத் தணிப்பதில்லை, ஆறாமல் காக்கிறது. நெருப்பின்மேல் சாம்பல் மூடியிருப்பது போலத்தான்.

அவையில் நடந்த போர்

கடிதங்கள் ஊரெங்கும் படிக்கப்பட்டன. நகரப் பிரமுகர்கள் இருவரையும் ஒரே மஜ்லிஸில் அமர்த்தி வாதிடச் செய்தனர். மனப்பாடம், கவிதை, உரைநடை, நினைத்த மாத்திரத்தில் பாடுதல் ஆகியவற்றில் எது வேண்டுமென்று இளைஞர் கேட்டார். 'பேராசிரியரே தெரிந்தெடுக்கட்டும்' என்னும் பணிவே அங்கே அறைகூவலாயிற்று. முதனப்பீயின் கவிதையொன்றின் சந்தத்தில் உடனுக்குடன் பாட முயன்றனர். சொற்களின் பொருளிலும் இலக்கணத்திலும் ஒருவர் குற்றத்தை ஒருவர் சுட்டினர்.

கடிதக் கலையில் பேச்சு வந்தபொழுது இளைஞர் தம் வித்தைகளை அடுக்கினார். திருப்பிப் படித்தால் அதுவே பதிலாக அமையும் கடிதம், குறிப்பிட்ட எழுத்து எங்குமே வராத கடிதம் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே போனார். நாணயச் சீர்கேட்டையும் வாணிபத் தேக்கத்தையும் பற்றி ஒரு கடிதம் எழுதுமாறு பணிக்கப்பட்டபொழுது, அதனைக் கடைசியிலிருந்து தலைகீழாகப் படிக்குமாறு இயற்றி அவையை வியக்க வைத்தார். மனப்பாடத்தின் மேதையாகிய முதியவர், கழைக்கூத்தாடியின் வித்தை போன்ற இந்தப் புதுமைகளுக்கு முன் திகைத்துப்போனார்.

ஆனால் இவ்வளவையும் நமக்குச் சொல்பவர் யார்? வென்ற ஹமதானீயேதான். மஜ்லிஸின் விரிவான வரலாறு அவருடைய கடிதத் தொகுப்பிலிருந்து வருவது. அதில் அவர் எப்பொழுதும் அமைதியாகப் பேசுகிறார். எதிரி எப்பொழுதும் தடுமாறுகிறார். தோற்றவரின் வாய்மொழி நமக்கு அந்த அளவில் கிடைக்கவில்லை. பணிவோடு எழுதப்பட்ட வெற்றி வரலாற்றைப் படிக்கும்பொழுது இதனை மறந்துவிடலாகாது. நைஸாப்பூர் மக்களில் சிலர் இவர் பக்கமும் சிலர் அவர் பக்கமும் நின்றதாகத்தான் தஆலிபீ எழுதுகிறார்.

தோற்றதாகப் பேசப்பட்ட பெரியவர், இளைஞரின் கதைகளைப் பற்றி ஒரு குறை சொன்னார். இஸ்கந்தரீயின் கதைகளைத் தவிர இவருக்கு வேறெதுவும் வராது என்பதே அக்குறை. முடிந்தால் அவற்றைப் போல் பத்தாவது எழுதிக் காட்டட்டும் என்பதே இளைஞர் சொன்ன விடையின் சாரம். அந்தக் கதைகளை இனிப் பார்ப்போம்.

மழீரா விருந்து

ஹமதானீயின் கதைகளுக்கு 'மகாமாத்' என்று பெயர். 'மகாமா' என்றால் நிற்குமிடம். அவையில் நின்று சொல்லப்படும் உரை என்று பொருள் விரிந்தது. நைஸாப்பூரில் அவர் 400 மகாமாக்களைச் சொல்லி எழுதவைத்ததாகத் தஆலிபீ கூறுகிறார். நமக்குக் கிடைத்திருப்பவை ஐம்பதை ஒட்டியவையே. எகிப்தின் சீர்திருத்த அறிஞர் முஹம்மத் அப்துஹு 1889-இல் பெய்ரூத்தில் இவற்றை விளக்கவுரையுடன் பதிப்பித்தார். குடும்பத்தார் நடுவே படிக்கத்தகாதவை என்று கருதி ஒரு மகாமாவை முழுதும், வேறு சிலவற்றில் சில பகுதிகளையும் நீக்கிவிட்டார். பிரெண்டர்காஸ்ட் என்பார் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1915-இல் லண்டன், சென்னை என்னும் இரு நகரங்களின் பெயரையும் தாங்கி வெளிவந்தது என்பது நமக்கு உவப்பான செய்தி.

இக்கதைகளின் நாயகன் அபுல் ஃபத்ஹ் இஸ்கந்தரீ. நாவன்மையை மூலதனமாகக் கொண்டு ஊர் ஊராய்த் திரிந்து, வேடம் மாற்றிப் பிச்சை பெற்று வாழ்பவன். அவனை ஒவ்வோர் ஊரிலும் கண்டு, கதையை நமக்குச் சொல்பவன் ஈஸா இப்னு ஹிஷாம். அறிவைச் சுமந்துகொண்டு வாசல் வாசலாய் ஏறி இறங்கிய அக்காலத்து எழுத்தாளர்களின் நிலையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இது. கந்தல் ஆடையோடு நைஸாப்பூர் வாசலில் நின்ற ஆசிரியருக்கு அந்நிலை அயலானதன்று.

இவற்றுள் மிகப் புகழ்பெற்றது மழீரா மகாமா. மழீரா என்பது புளித்த பாலில் வேகவைத்த இறைச்சி உணவு. பஸ்ராவில் ஒரு வணிகர் வீட்டு விருந்தில் மழீரா வருகிறது. அனைவர் நாவிலும் நீர் ஊறுகிறது. அபுல் ஃபத்ஹ் மட்டும் துள்ளியெழுந்து அதனைச் சபிக்கிறான். உணவு திருப்பி எடுக்கப்படுகிறது. கண்கள் அதன் பின்னாலேயே போகின்றன. காரணம் கேட்டபொழுது அவன் கதை சொல்லத் தொடங்குகிறான்.

பக்தாதில் ஒரு வணிகன் அவனை மழீரா உண்ண அழைத்தானாம். விடாமல் வற்புறுத்தி அழைத்தமையால் ஒப்புக்கொண்டான். வழிநெடுக வணிகன் தன் மனைவியின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தான். பிறகு தெருவைப் புகழ்ந்தான், அடுத்து வீட்டை. "மௌலாயே, இந்தச் சன்னலுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணிக்கிறீர்கள்?" என்னும் முறையில் ஒவ்வொன்றையும் விலை கேட்டான். கதவுக்கு என்ன மரம், எந்தத் தச்சன், அதிலுள்ள வளையம் யாரிடம் எத்தனை தீனாருக்கு வாங்கியது என்பனவெல்லாம் வந்தன. அண்டை வீட்டாரின் ஊதாரி வாரிசுக்குக் கடனுக்குச் சரக்கு விற்று, கடைசியில் வீட்டையே எழுதி வாங்கிய சாமர்த்தியம் வந்தது. இரவில் கதவைத் தட்டிய பெண்ணிடம் முத்துமாலையை அடிமாட்டு விலைக்கு வாங்கிய கதை வந்தது. வீழ்ந்த அமைச்சர் குடும்பமொன்றின் வீட்டிலிருந்து ஏலத்தில் எடுத்த பாயும் காட்டப்பட்டது.

உணவு மட்டும் வரவில்லை. கை கழுவத் தாம்பாளம் வந்தது. அதன் செம்பு எந்த நாட்டது, வேலைப்பாடு எந்த நாட்டது என்று விளக்கம். கெண்டி வந்தது, அதன் அழகைப் பற்றி ஓர் உரை. தண்ணீர், துடைக்கும் துணி, உண்ணும் மேசை என ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம். விருந்தினன் தன் மனத்துக்குள் கணக்குப் போடுகிறான். இனி ரொட்டி இருக்கிறது. அதற்கு மாவு, மாவுக்குக் கோதுமை, அரைத்த கல், சுட்ட அடுப்பு, சுட்டவன் இருக்கிறார்கள். பிறகு இறைச்சி, பால், காய்கறி. இது முடியாது என்று அவனுக்கு விளங்குகிறது.

இங்கேதான் ஹமதானீயின் திறம் தெரிகிறது. வணிகன் ஒரு மரியாதைக் குறைவான சொல்லும் சொல்லவில்லை. 'மௌலாய்' என்னும் சொல் அவன் நாவில் ஊறிக்கொண்டே இருக்கிறது. விருந்தினனும் ஒரு முரட்டுச் சொல் பேசவில்லை. ஆனால் உள்ளே பொங்குகிறான். கடைசியில் எழுந்து, ஒரு தேவை இருக்கிறது என்று நாகரிகமாகச் சொல்லி நழுவப் பார்க்கிறான். "கழிப்பிடத்தையா நாடுகிறீர்கள், மௌலாய்?" என்று மலர்ந்த முகத்தோடு தொடங்குகிறான் வணிகன். அமீரின் வசந்த மாளிகையும் அதற்கு ஈடாகாதாம்; அங்கேயே அமர்ந்து உண்ண விருந்தினருக்கு ஆசை வருமாம்!

பொறுமை முறிகிறது. கழிப்பிடம் தன் கணக்கில் சேரவில்லை என்று சொல்லிவிட்டு அபுல் ஃபத்ஹ் தெருவில் பாய்ந்து ஓடுகிறான். வணிகன் பின்னாலேயே, "அபுல் ஃபத்ஹ், மழீரா!" என்று கூவுகிறான். மழீரா என்பது ஓடுபவனின் பட்டப் பெயர் என்று எண்ணிச் சிறுவர்களும் சேர்ந்து கத்துகின்றனர். ஆத்திரத்தில் அவன் எறிந்த கல் வழிப்போக்கன் ஒருவனின் தலையைப் பிளக்கிறது. ஊரார் செருப்பால் அடிக்கின்றனர். இரண்டாண்டுச் சிறை. அன்றிலிருந்து மழீராவைத் தொடுவதில்லை என்று நேர்ச்சை.

சிரித்து முடித்தபின் சிந்தித்தால், கதையின் கூர்மை புலப்படும். குற்றம் முழுதும் வணிகனுடையது. தண்டனை முழுதும் விருந்தினனுக்கு. ஏன்? வணிகன் கடைசிவரை பணிவைக் கைவிடவில்லை; விருந்தினன் கைவிட்டான். உலகம் காண்பது எறியப்பட்ட கல்லைத்தான். அதற்கு முன் ஒரு பகல் முழுதும் தேன் தடவி எறியப்பட்ட கற்களை எவரும் காண்பதில்லை. கதையின் வணிகன் குவாரிஸ்மீ அல்லர். எனினும் முழுமை பெறாத எழுச்சியைக் கண்டு வெந்த ஒருவரே இக்கதையை எழுதியிருக்க முடியும். தம் எதிரியை மஜ்லிஸில் வீழ்த்த அவர் கையாண்ட படைக்கலமும் இதே பணிவுதான் என்பதையும் சேர்த்து எண்ணும்பொழுது கதை இன்னும் ஆழமாகிறது.

தீனாரும் கண்ணாடியும்

இதற்கு நேர்மாறான ஒரு மகாமாவும் உண்டு. ஈஸா இப்னு ஹிஷாம் ஒரு தீனாரைத் தர்மமாக நேர்ந்துகொண்டு, பிச்சைத் தொழிலில் யார் தலைசிறந்தவரோ அவருக்கு அளிப்பதாகச் சொல்கிறான். அபுல் ஃபத்ஹும் மற்றொருவனும் போட்டியிட முன்வருகின்றனர். ஒருவரையொருவர் திட்ட வேண்டும், வென்றவருக்குத் தீனார். கோடைப் புழுக்கமும் செல்லாக் காசும் முதலாக, மனிதனுக்குச் சலிப்பூட்டுபவை அனைத்தும் வசவுகளாக மாறிப் பொழிகின்றன. கேட்டவனுக்கு யார் வென்றார் என்றே தெரியவில்லை. தீனாரை இருவருக்கும் நடுவே வைத்துவிட்டு நடையைக் கட்டுகிறான்.

மழீராக் கதையில் பணிவு மட்டும் இருக்கிறது; தீனார்க் கதையில் வசவு மட்டும் இருக்கிறது. முன்னது சிறையில் முடிகிறது. பின்னதில் ஒருவருக்கும் காயமில்லை. திறந்த வசவைவிட மூடிய மரியாதையே ஆபத்தானது என்று ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. இரு கதைகளையும் அருகருகே வைத்தால் நமக்கே விளங்கிவிடுகிறது.

நூறாண்டுக்குப்பின், பஸ்ராவின் ஹரீரீ (ஹிஜ்ரி 446 - 516) இவ்விழையை மேலும் நுட்பமாக நெய்தார். இந்திய மதரஸாக்களில் ஓதிய ஆலிம்களுக்கு அவருடைய 50 மகாமாக்கள் நன்கு அறிமுகமானவை. பதீஉஸ்ஸமானே தமக்கு வழிகாட்டி என்று முன்னுரையில் அவர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்கிறார். சின்ஜார் என்னும் ஊரில் நடப்பதாக அவர் அமைத்த மகாமாவில், விருந்தில் இனிப்புகளோடு ஒரு கண்ணாடிக் கிண்ணம் வருகிறது. நாயகன் அபூ ஸைத் துள்ளி விலகுகிறான். காரணம் கேட்க, தன் பழைய அண்டை வீட்டான் ஒருவனைப் பற்றிச் சொல்கிறான். நாவில் நட்பும் நெஞ்சில் தேளும் கொண்டவன் அவன். மனம் விட்டு அவனிடம் சொன்ன வீட்டு இரகசியம் ஆளுநரின் காதுக்குப் போய், அருமையாய்ப் போற்றியதை இழக்க நேர்ந்தது. கோள் சொல்பவரோடு ஒரே இடத்தில் அமர்வதில்லை என்று அன்று ஆணையிட்டான். கண்ணாடியும் தன்னுள் இருப்பதை வெளியே காட்டிக்கொடுப்பதுதானே? ஆகையால் அதனோடும் உறவில்லையாம்!

இந்நகைச்சுவையின் உள்ளே ஒரு முரண் இருக்கிறது. அண்டை வீட்டான் உள்ளத்தை மறைத்ததால் அபூ ஸைத் கெட்டான். ஆனால் உள்ளத்தை மறைக்காத கண்ணாடியைக் கண்டு அஞ்சுகிறான். பகைமறைத்த பணிவினால் ஒருமுறை சுடப்பட்டவன், பின்னர் நேர்மையையும் நம்ப முடியாதவனாகிறான்.

கடைசிக் கடிதம்

மறுபடியும் நைஸாப்பூருக்குச் செல்வோம். மஜ்லிஸ் நடந்த மறு ஆண்டில், ஹிஜ்ரி 383-இல் (கி.பி. 993) குவாரிஸ்மீ வபாத்தானார். களம் ஹமதானீக்குத் தனியுரிமையாயிற்று என்கிறார் தஆலிபீ. அதன்பின் இளைஞர் குராஸான், ஸிஜிஸ்தான், கஸ்னா என்று பல ஊர்களைக் கண்டு, ஹிராத்தில் மணம் முடித்து, செல்வமும் சேர்த்து, ஹிஜ்ரி 398-இல் (கி.பி. 1008) அங்கேயே மறைந்தார். அவருக்கு அப்பொழுது நாற்பது வயதே.

ஆனால் குவாரிஸ்மீ நோயுற்றிருந்த நாளில் நடந்த ஒரு சிறு செய்தி, இந்த வரலாற்றின் உயிர்நாடி. எதிரி படுக்கையில் விழுந்துவிட்டான் என்று ஹமதானீக்கு வாழ்த்துக் கூறி ஒருவர் எழுதினார். அதற்கு ஹமதானீ எழுதிய விடை அவருடைய கடிதத் தொகுப்பில் இருக்கிறது. அந்த விடையின் கருத்து இதுதான். காலத்தை அறிந்தவன் பிறர் துன்பத்தில் மகிழமாட்டான். இவ்வுலகின் இன்பங்கள் கைக்கு எட்டாதவரை வெறும் ஆசைகள். எட்டினால் இரவல் பொருள்கள். தனக்கு வராது என்று உறுதி சொல்ல முடியாத துன்பத்தைக் கண்டு ஒருவன் எப்படிக் களிக்க முடியும்? இந்தச் சான்றோரோடு வெளியில் சிறிது பகைமை காட்டினோம். உள்ளத்திலோ அழகிய அன்பையே வைத்திருந்தோம். இடுக்கண் வரும்பொழுது மனக்கசப்புகள் போய்விடுகின்றன. அவர் நோயினால் வருந்துகிறேன் என்றே என்னை எண்ணுக என்று முடித்து, அவருடைய நலத்துக்கு இறைஞ்சுகிறார்.

இதுவும் ஒரு மரியாதைதானே, எதுகை அழகுக்காக எழுதப்பட்டதுதானே என்று சந்தேகப்படுவோர் உண்டு. அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. பணிவைப் படைக்கலமாக்கியவர் உண்மையாகவே பணிந்தாலும் நம்புவார் இல்லை. அதுவே அவருக்கு வாய்க்கும் தண்டனை. ஆயினும் ஒரு வேறுபாடு கண்கூடு. முதலிரு கடிதங்களில் வெளியே மரியாதை, உள்ளே பகை. இக்கடிதத்திலோ வெளியே காட்டியது பகை, உள்ளே இருந்தது அன்பு என்று அவரே சொல்கிறார். தலைகீழாகக் கடிதம் எழுதுவதில் வல்லவர், தம் உள்ளத்தையும் ஒருமுறை தலைகீழாகப் படித்துப் பார்த்திருக்கிறார்.

அந்தச் சொற்கள் உரிய காலத்தில் உரியவரிடம் சொல்லப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரியவர் முழுதும் எழுந்து நின்றிருக்கலாம். இளைஞர் இரண்டாவது கடிதம் எழுதாமலே இருந்திருக்கலாம். அல்லது, "உங்கள் வரவேற்பு எனக்கு மனத்தாங்கலாக இருந்தது" என்று நேரே சென்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அரபு மொழியிலிருந்த இத்தனை அணிகளுக்கிடையே அந்த ஓர் எளிய வாக்கியம் மட்டும் இருவருக்கும் கிடைக்காமல் போயிற்று.

மனத்தாங்கலை மூடிவைத்து ஸலாமும் துஆவும் எழுதும் வழக்கம் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. நோயுற்றுக் கிடப்பவரின் தலைமாட்டில் நின்று அழும்பொழுதுதான் பல வீடுகளில் பழைய பிணக்குகள் தீர்கின்றன. அதற்குப் பல நாள் முன்பாகவே, வாசலில் வந்தவருக்கு முழுதாக எழுந்து நிற்பதும், மனம் நொந்தால் அதனை இனிய குரலில் நேரே சொல்லிவிடுவதும் கடினமான காரியங்களல்ல. 'அதப்' என்னும் சொல்லின் இரு பொருள்களும் ஒன்றாகச் சேரும் இடம் அதுவே.